கை அளவு

கோபால்பூரில் தொடங்கியபோது எனக்கு ஒடியா தெரியாது.
நல்லதாய்ப் போயிற்று.
சோறு போட்டவர்கள் சோறு மட்டும் போட்டார்கள்.
தெலுங்குக் கரையில் அம்மா என்ற ஒற்றைச் சொல்லை வைத்து
இரண்டு மாதம் ஓட்டினேன்.
பழவேற்காடு தாண்டியதும்தான்
இலையில் கேள்வியும் விழத் தொடங்கியது:
எந்த ஊரு, எதுக்கு நடக்குறீங்க,
வீட்ல யாரும் இல்லையா?

கடலூரில் வேண்டுதல் என்றேன்.
நாகூரில், பந்தயம்.
தொண்டிக்கு வருவதற்குள் பொய்கள் தீர்ந்து
பழையதையே துவைத்து உடுத்திக்கொண்டிருந்தேன்.

தொண்டி விலக்கில் ஒரு மீன் வண்டி நின்றது.
"ஏறுங்க, தேவிபட்டினத்துல இறக்கிவிடுறேன்."
மாட்டேன் என்றேன்.
கோபித்துக்கொண்டவன்போல் கிளம்பிப் போனான்.
முக்கால் மணி நேரம் கழித்து
அதே வண்டி எதிரே வந்தது,
கோணியில் சுற்றிய பனிக்கட்டியோடு.
"நீங்க வண்டில ஏறலைன்னா போங்க.
இது உங்க மேல ஏறட்டும்."
தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.
சூடை மீன் வாசம் கழுத்து வழியே முதுகில் இறங்கியது.
அவன் பெயர் மலைராஜ் என்று
வண்டியின் பின்பக்கம் எழுதியிருந்தது.
அல்லது அது அவன் மகன் பெயர்.

திருப்பாலைக்குடியில் இருட்டிவிட்டது.
நூர்ஜமீலா வீட்டு வாசலில் எட்டுக் குடங்கள்.
தள்ளுவண்டிக்காரனிடம் வாங்கியது,
குடம் பன்னிரண்டு ரூபாய்.
ஒன்றைத் தூக்கி மறைப்புக்குள் வைத்து
"குளிச்சிட்டு வாங்க" என்றாள்.
முழுக் குடம்.
முகத்துக்கு இரண்டு ரூபாய், காலுக்கு மூன்று என்று
எண்ணி எண்ணிக் குளித்தேன்.
மிச்சத்தை வெளியே கொண்டுவந்து வைத்தேன்.
அவளுக்கு அது பிடிக்கவில்லை.

நண்டுக் குழம்பு. பிறகு அந்தக் கேள்வி.
ராமேஸ்வரத்தில் மகள் இருக்கிறாள் என்றேன்,
பார்க்கப் போகிறேன்.
இம்புட்டு தூரம் நடந்தா?
அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும்.
எந்த மகளுக்கு அப்படிப் பிடிக்கும்?
நூர்ஜமீலா நம்பவில்லை.
நம்பாமலே எழுந்து போய்
விற்பனைக்கு வைத்திருந்த வளையல் பெட்டியைத் திறந்தாள்.
பச்சைக் கண்ணாடி.
"கை அளவு என்ன?"

ரெண்டு நாலு, என்றேன்.

யோசிக்கவே இல்லை.
கடலூரிலோ நாகூரிலோ
எந்தப் பதிலும் அத்தனை வேகமாய் வந்ததில்லை.

ஒரு டஜன், செய்தித்தாளில் சுற்றி, என் பைக்குள்.
காசை அவள் பார்க்கவேயில்லை.

உச்சிப்புளிக்கு முன்னால்
சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறி
உள்ளேயே முறிந்துகொண்டது.
மண்டபம் வரை நொண்டல்.
பாலத்தில் காற்று என்னைப் பக்கவாட்டில் நடத்தியது.
சின்னப்பாலம் மணலில் உட்கார்ந்தேன்,
இனி எழ வேண்டாம் என்பதுபோல.

பாசி எடுத்துவிட்டுக் கரையேறியவர்களில் ஒருத்தி,
சவேரியம்மா என்று யாரோ கூப்பிட்டார்கள்,
இடுப்புவரை சொட்டச் சொட்ட எதிரே நின்றாள்.
விரலுக்கு விரல் துணிச்சுற்று;
பாறை கிழிக்காமலிருக்கப்
பழைய சேலையைக் கிழித்துக் கட்டியது.

"எந்தக் கால்?"

அவ்வளவுதான் கேட்டாள்.
தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றி
முள்ளை நெம்பினாள்.
ஆள்காட்டி விரலின் துணியை அவிழ்த்து
என் கட்டைவிரலில் சுற்றினாள்.
உப்பு சுரீரென்று முழங்கால் வரை ஏறியது.
நான் காலை இழுத்ததில்
பைக்குள் வளையல்கள் சத்தமிட்டன.
பையைப் பார்த்தாள்.
என் இரண்டு வெறுங்கைகளையும் பார்த்தாள்.

கேட்பாள் என்று இருந்தேன்.
பதில்கூட வைத்திருந்தேன்,
இந்தக் கரை நெடுக யாருக்கும் சொல்லாததை.

"தண்ணி இன்னிக்குக் கலங்கல்" என்றாள்,
நேற்றும் என்னோடு பேசிக்கொண்டிருந்தவள்போல,
"பாசி கம்மி."

சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்,
ஒரு விரல் கட்டில்லாமல்.

ராமேஸ்வரம் பதினொரு கிலோமீட்டர் என்றது பலகை.
எந்தத் தோளில் மாட்டினால்
வளையல் உடையாது என்று பார்த்து
பையை மாற்றிக்கொண்டேன்.